அக்குபஞ்சர்: ஊசிக்கு முன்னும் பின்னும்

"முழங்கால் வலி உயிர் போகுது. மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணானதுதான் மிச்சம். பேசாம அந்த அக்குபஞ்சர்காரர்கிட்ட ஒரு தடவை போய்ப் பார்த்துட்டா என்ன?"

"ஐயையோ... உடம்பு பூரா ஊசி குத்துவாங்களாமே!"

பல வீடுகளில் காதில் விழுகிற பேச்சுதான் இது. போகலாமா, வேண்டாமா? போனால் என்ன செய்வார்கள்? வலிக்குமா? எத்தனை தடவை போகணும்? எல்லாவற்றுக்கும் மேலாக, இப்போது சாப்பிட்டுக் கொண்டிருக்கும் மாத்திரைகளை என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்த்து விடுவோம்.

சீனாவிலிருந்து வந்த ஊசி

லத்தீன் மொழியில் 'அக்குஸ்' என்றால் ஊசி. 'பங்ச்சர்' என்றால் நமக்கே தெரியும், குத்துவது! பெயர் ஐரோப்பியப் பெயராக இருந்தாலும் வைத்தியம் சீனாவினுடையது. ஏறத்தாழ 2,000 வருடங்களுக்கு முந்தைய சீன மருத்துவ நூலிலேயே இது விளக்கப்பட்டிருக்கிறது.

உடம்பில் 'சி' என்கிற உயிர்ச்சக்தி 14 பாதைகளில் ஓடுகிறது, அந்த ஓட்டம் தடைப்பட்டால் நோய், பாதையில் உள்ள குறிப்பிட்ட புள்ளிகளில் ஊசி செருகினால் தடை நீங்கும் என்பது சீனர்களின் கணக்கு. இப்படி 361 புள்ளிகளுக்குப் பெயரும் எண்ணும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். உடலை அறுத்துப் பார்த்த விஞ்ஞானிகளுக்கு இந்தப் பாதைகள் எதுவும் கண்ணில் படவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆனால், ஊசி குத்தும்போது நரம்புகள் தூண்டப்படுகின்றன, வலியைக் குறைக்கும் 'எண்டார்ஃபின்' போன்ற பொருட்கள் உடம்பிலேயே சுரக்கின்றன என்று ஒரு விளக்கம் இருக்கிறது.

இந்தியாவுக்கு இது வந்த கதை சுவாரசியமானது. 1938-ல், ஜப்பானோடு போரிட்டுக் கொண்டிருந்த சீனாவுக்கு உதவ 5 இந்திய டாக்டர்கள் கப்பலேறிப் போனார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் கோட்னிஸ். 1942-ல் அவர் அங்கேயே இறந்து போனார். அதே குழுவில் போன வங்காள டாக்டர் பி.கே.பாசு, பிற்பாடு மறுபடியும் சீனா சென்று இந்த வைத்தியத்தைக் கற்றுவந்து, கல்கத்தாவில் செய்யத் தொடங்கினார். மேற்கு வங்காளத்தில் 1996-ல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. மத்திய அரசு 2019-ல் அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது.

'மயக்க மருந்தே இல்லாமல், ஊசி குத்தியே ஆபரேஷன் பண்ணினார்களாம்' என்று ஒரு கதையும் உலவுகிறது. 1971-ல் பீகிங் போயிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு அங்கே குடல்வால் ஆபரேஷன் நடந்தது. அவருக்கு வழக்கமான மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு மறுநாள் வயிற்றில் உண்டான உபாதைக்குத்தான் அக்குபஞ்சர் ஊசி! அதைப் பற்றி அவர் எழுதியதும் அமெரிக்காவே பரபரத்தது. கை மாறி, காது மாறி வந்ததில் கதை வேறாகிவிட்டது.

கிளம்புவதற்கு முன்...

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மயக்கம் வரும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போக வேண்டாம். 2 இட்லியோ, ஒரு தம்ளர் கஞ்சியோ சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போவது உத்தமம்.

உடை தளர்வாக இருக்கட்டும். முழங்காலுக்கு மேலேயும் முழங்கைக்கு மேலேயும் சுலபமாக ஏற்றிவிடும்படி இருந்தால் நல்லது. முதுகுவலிக்குப் போகும் பெண்கள் புடவையை விட, முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான உடை போட்டுக்கொள்வது வசதி. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

இன்னொரு விஷயம். சீன முறையில் நாக்கைப் பார்ப்பது முக்கியமான பரிசோதனை. அதனால் அன்றைக்கு நாக்கை அழுத்தி வழிக்காதீர்கள். காபி குடித்துவிட்டோ, வெற்றிலை போட்டுக்கொண்டோ போனால் நாக்கின் நிஜ நிறம் தெரியாது.

பழைய பிரிஸ்கிரிப்ஷன்கள், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிக்கொள்வது ரொம்ப முக்கியம்.

உட்கார்ந்ததும் கேள்விகள்!

முதல் நாள் ஊசியை விடக் கேள்விகள்தான் அதிகம். "எங்க வலிக்குதும்மா? எத்தனை நாளா? காலையில எழுந்ததும் அதிகமா, ராத்திரியா? தூக்கம் எப்படி? பசி எடுக்குதா? மலம் ஒழுங்காப் போகுதா? மாதவிலக்கு சரியா வருதா?" என்று கேட்டுக்கொண்டே போவார். 'முழங்கால் வலிக்கு வந்தால் மாதவிலக்கை எதுக்குக் கேட்கிறார்?' என்று சங்கடப்பட வேண்டாம். அவர்கள் முறைப்படி உடம்பு முழுவதும் ஒரே கணக்கு.

பிறகு நாக்கை நீட்டச் சொல்வார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். இதற்கே அரை மணி ஆகலாம். எதையும் கேட்காமல், வந்ததும் படுக்க வைத்து ஊசியை எடுக்கிறவராக இருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

ஊசி எப்படி இருக்கும்?

'ஊசி' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரி ஊசி. அது மருந்து உள்ளே போவதற்காக நடுவில் துளையுள்ள குழாய். ரத்தம் எடுக்கும் ஊசி 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அக்குபஞ்சர் ஊசியில் துளையே கிடையாது, மருந்தும் கிடையாது. சாதாரணமாக 0.25 மில்லிமீட்டர்தான் தடிமன். அதாவது மூன்றில் ஒரு பங்கு. தலைமுடி மாதிரி வளையும்.

தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, சிறு குழாய்க்குள் ஊசியை வைத்து மேலே லேசாக ஒரு தட்டு தட்டுவார்கள். எறும்பு கடித்த மாதிரி 'சுரீர்' என்று ஒரு கணம் இருக்கும். சில இடங்களில் அதுவும் தெரியாது. விரல் நுனியிலும் பாதத்திலும் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். இடத்தைப் பொறுத்து சில மில்லிமீட்டரிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் வரை ஊசி உள்ளே போகும்.

அப்புறம் ஊசியை மெல்லத் திருகுவார்கள். அப்போது அந்த இடம் கனப்பது போல, மரமரப்பது போல, உள்ளே ஒரு இழுப்பு போலத் தோன்றும். இதைச் சீனர்கள் 'தே சி' என்கிறார்கள். இது வரவேண்டிய உணர்வுதான், பயப்பட வேண்டாம். ஆனால் கூர்மையான வலியோ, மின்சாரம் அடித்த மாதிரியோ இருந்தால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஊசியைக் கொஞ்சம் வெளியே இழுத்தாலே சரியாகிவிடும்.

5 முதல் 15 ஊசி வரை போடுவது வழக்கம். முழங்காலில் வலி என்றால் கையில் ஏன் ஊசி என்று கேட்காதீர்கள். வலிக்கும் இடத்திலிருந்து வெகுதூரத்தில் உள்ள புள்ளிகளையும் சேர்த்துக்கொள்வார்கள். ஊசிகளோடு 20 முதல் 30 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் தூங்கிவிடுவார்கள்!

சில இடங்களில் ஊசியில் 'கிளிப்' மாட்டி, பாட்டரிப் பெட்டியிலிருந்து லேசான மின்துடிப்பு கொடுப்பார்கள். சில இடங்களில் காய்ந்த மூலிகையை உருட்டிக் கொளுத்தி, தோலுக்கு அருகே காட்டிச் சூடு கொடுப்பதும் உண்டு. நம் ஊரில் பலர் ஊசியே இல்லாமல், ஒரு விரலால் புள்ளியைத் தொட்டுவிட்டு 'முடிஞ்சுது, போயிட்டு வாங்க' என்கிறார்கள். அதற்கும் அக்குபஞ்சர் என்றே பெயர்ப்பலகை வைத்திருப்பதால், என்ன முறை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாடுகளில் நடந்த பெரிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஊசி முறையில் செய்யப்பட்டவை. அவற்றின் முடிவை ஒற்றை விரல் தொடுதலுக்கு அப்படியே பொருத்திப் பேச முடியாது.

எழுந்த பிறகு

ஊசிகளை எடுக்கும்போது வலி இருக்காது. சில இடங்களில் ஒரு சொட்டு ரத்தம் வரலாம். பஞ்சை வைத்து அழுத்தினால் நின்றுவிடும். மறுநாள் அந்த இடம் நீலமாகக் கன்றிப் போயிருந்தாலும் சில நாட்களில் மறைந்துவிடும். குத்திய ஊசிகளை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள், எடுத்ததையும் எண்ணச் சொல்லுங்கள். முதுகிலோ, தலைமுடிக்குள்ளோ ஒன்று விட்டுப்போவது நடக்கக்கூடிய விஷயம்தான்.

சடாரென்று எழுந்திருக்காதீர்கள். முதல் தடவை சிலருக்குத் தலை சுற்றும், சோர்வாக இருக்கும். 10 நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டும் வேலையைத் துணைக்கு வந்தவரிடம் விட்டுவிடுங்கள். வலி அன்று ராத்திரியே கொஞ்சம் குறையலாம், ஒருநாள் கூடலாம், ஒரு மாற்றமும் இல்லாமலும் போகலாம்.

வாரம் ஒன்று அல்லது இரண்டு தடவையாக, 6 முதல் 10 தடவை என்பது பொதுவான கணக்கு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் வலிக்கு 10-க்கு எத்தனை மார்க் என்று குறித்து வாருங்கள். 6 தடவைக்குப் பிறகும் அந்த எண் இறங்கவே இல்லையா? நிறுத்திவிடலாம். '40 தடவைக்கு மொத்தமா இப்பவே பணம் கட்டினா சலுகை' என்றால் கட்டாதீர்கள்.

எதற்குக் கேட்கும்?

ஜெர்மனியில் 2007-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சீன முறைப்படி ஊசி. இன்னொரு பிரிவுக்குப் புள்ளி இல்லாத இடங்களில் சும்மா மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி. 6 மாதம் கழித்துப் பார்த்தால், முறையான ஊசியில் 100-க்கு சுமார் 48 பேருக்கும், சும்மா குத்தியதில் 44 பேருக்கும், வழக்கமான சிகிச்சையில் 27 பேருக்கும் நல்ல குணம் தெரிந்திருந்தது!

இதில் நமக்கு இரண்டு செய்தி. ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு வலி குறைந்தது நிஜம். ஆனால் எந்தப் புள்ளியில் குத்துகிறோம் என்பது, சொல்லப்படுகிற அளவுக்கு முக்கியமில்லை. அமைதியாகப் படுத்திருந்த நேரம், அக்கறையாகக் கேட்ட ஒரு மனிதர், 'சரியாகும்' என்கிற நம்பிக்கை எல்லாமும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம்.

ஒற்றைத் தலைவலிக்கும் இதே கதைதான். 2016-ல் 22 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில், வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 17 பேருக்குத் தலைவலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தன. அக்குபஞ்சரும் சேர்ந்தபோது 41 பேருக்குக் குறைந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் குமட்டல், வாந்திக்கு மணிக்கட்டின் உட்புறம் உள்ள புள்ளியைத் தூண்டுவது பலன் தருகிறது என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

அதே சமயம், பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டிக் குழு 2016-ல் இடுப்புவலிக்கும், 2022-ல் மூட்டுத் தேய்மானத்துக்கும் அக்குபஞ்சரைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது. ஆக, மூட்டுவலிக்காரர்கள் ஒரு துணை வைத்தியமாகச் செய்து பார்க்கலாம். கூடவே தொடைத் தசைக்கான பயிற்சியும், எடையைக் குறைப்பதும் நடக்க வேண்டும். தேய்ந்துபோன மூட்டை ஊசி வளர்த்துத் தராது.

மாத்திரையை நிறுத்தலாமா?

இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம் இதுதான். தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

"இங்கிலீஷ் மருந்தெல்லாம் விஷம்மா. எல்லாத்தையும் நிறுத்திட்டு வாங்க, அப்பத்தான் நம்ம வைத்தியம் வேலை செய்யும்" என்று யாராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இன்சுலின் போட்டே ஆகவேண்டிய சர்க்கரை நோயாளி அதை நிறுத்தினால், சில நாட்களிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரும். ரத்த அழுத்த மாத்திரையை விட்டவர்களுக்குப் பக்கவாதம் வருவதும் உண்டு. தைராய்டு, இதயநோய், காசநோய் மருந்துகளும் அப்படித்தான். வலி குறைந்து, வலி மாத்திரையைக் குறைக்கலாம் என்று தோன்றினால்கூட, எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்டுக் குறையுங்கள்.

காய்ச்சல் ஏறுகிறது, கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்று போன் செய்தால், "கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க" என்று சமாதானம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சமாதானத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் தாயும் குழந்தையும் இறந்து போனார்கள். கணவரும், அக்குபஞ்சர் செய்துவந்த ஒருவரும் கைது செய்யப்பட்டார்கள். ரத்தப்போக்கை நிறுத்தவும், ரத்தம் ஏற்றவும், தேவைப்பட்டால் உடனே வயிற்றைத் திறக்கவும் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் வசதி உண்டு.

நெஞ்சுவலி, திடீரென ஒரு பக்கம் கைகால் விழுவது, வாய் கோணுவது, இதுவரை வராத கடுமையான தலைவலி, முதுகுவலியோடு சிறுநீர் அடைப்பு அல்லது கால் மரத்துப் போவது, மலத்தில் ரத்தம், மார்பிலோ கழுத்திலோ கட்டி... இவற்றில் எது இருந்தாலும் முதலில் டாக்டர்தான். வலிக்குக் காரணம் என்னவென்று தெரிந்த பிறகே ஊசியைப் பற்றி யோசிக்கலாம்.

ஊசியால் ஆபத்து உண்டா?

முறையாகப் படித்தவர் கையில் ஆபத்து மிகக் குறைவு. 2001-ல் பிரிட்டனில் இரண்டு கணக்கெடுப்புகள் வெளியாயின. இரண்டிலுமாகச் சேர்த்து 66,000-க்கும் அதிகமான சிகிச்சைகளில் பெரிய விபரீதம் ஒன்றுகூட இல்லை. ஆனால் தெரியாதவர் மார்பிலோ, தோள்பட்டைக்கு மேலோ ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். ஊசி போட்டுக்கொண்ட பிறகு மூச்சுத்திணறலோ, மூச்சு இழுத்தால் மார்பில் குத்தலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள்காமாலைக் கிருமியும் ஹெச்.ஐ.வி.யும் பரவலாம்.

கீழே சொல்லும் விஷயங்கள் உங்களுக்கு இருந்தால், கேட்காவிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்:

* கர்ப்பமாக இருப்பது, அல்லது நாள் தள்ளிப்போயிருப்பது. சில புள்ளிகளைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பது வழக்கம்.

* ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகள்.

* இதயத்தில் பேஸ்மேக்கர். மின்துடிப்பு கொடுக்கக் கூடாது.

* செயற்கை இதய வால்வு, அல்லது நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த நிலை. கிருமி தொற்றினால் தாங்காது.

* சர்க்கரையால் பாதம் மரத்திருப்பது. சூடு காட்டும்போது தோல் பொசுங்கினாலும் தெரியாது.

* மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு வீங்கிய கை. அந்தக் கையில் ஊசி வேண்டாம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"என்ன படிச்சிருக்கீங்க? எங்க, எத்தனை வருஷம்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. சில வாரப் பயிற்சிக்குப் பிறகு போர்டு மாட்டுகிறவர்களும் உண்டு. அக்குபஞ்சர் கற்ற எம்.பி.பி.எஸ். டாக்டர்கள் இருக்கிறார்கள். இயற்கை மருத்துவம் மற்றும் யோகாவில் ஐந்தரை ஆண்டு பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கும் இது பாடத்திலேயே இருக்கிறது. ஒட்டிய பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே பிரித்துப் புது ஊசி எடுக்க வேண்டும். போட்ட ஊசியைக் குப்பைக்கூடையில் எறியாமல், அதற்கென உள்ள கெட்டியான டப்பாவில் போட வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பார்க்க வேண்டும். 'இது என் வைத்தியத்துக்கு அடங்காது, டாக்டரைப் பாருங்க' என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் தைரியமாகப் படுக்கலாம்.

கடைசியாக ஒன்று. அக்குபஞ்சருக்குப் போவதை உங்கள் குடும்ப டாக்டரிடம் மறைக்காதீர்கள். "திட்டுவாரோ?" என்று பயந்து மறைப்பவர்கள் நிறையப் பேர். திட்டினால் திட்டட்டுமே! இரண்டு பக்கமும் என்ன நடக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த ராத்திரியும், எட்டு மணி மாத்திரையை எட்டு மணிக்குப் போட்டுவிடுங்கள்.